வீட்டிலிருந்து பணிபுரிவோரின் தொடர்பாடல்

வீட்டிலிருந்து பணிபுரிவோரின் தொடர்பாடல் என்பது, அலுவலகத்துக்குச் செல்லாமல் தம் வீட்டிலிருந்தே பணியாற்றும் ஒருவர் வாடிக்கையாளர்களுடனும் சக பணியாளர்களுடனும் மேலாளருடனும் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். மின்னஞ்சல், தொலைபேசி, உடனடிச் செய்தி, வீடியோ கூட்டம், பகிரப்பட்ட ஆவணங்கள் ஆகியவை இதற்குப் பயன்படும் முதன்மையான வழிகள் ஆகும். அலுவலகத்தில் ஒருவர் வேலை செய்வதைப் பிறர் கண்ணால் காண்கின்றனர். வீட்டிலிருந்து பணிபுரிபவரைப் பற்றி அவர் தெரிவிப்பது மட்டுமே பிறருக்குத் தெரியும். ஆகவே இம்முறையில் தொடர்பாடல் வேலைக்குத் துணையான ஒன்றாக இல்லாமல் வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

இக்கட்டுரை இத்தொடர்பாடலின் வரலாறு, வகைகள், நடைமுறைகள், சிக்கல்கள் ஆகியவற்றை, சிறப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்தின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சொல்லும் பரப்பும்

வீட்டிலிருந்து பணிபுரிதல் தொலைப்பணி என்றும் அழைக்கப்படுகிறது. எனினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. தொலைப்பணி என்பது அலுவலகத்துக்கு வெளியே எங்கிருந்தும் தகவல் தொழில்நுட்பத்தின் துணையுடன் செய்யப்படும் வேலையைக் குறிக்கும். வீட்டிலிருந்து பணிபுரிதலில் பீடி சுற்றுதல், தையல், பின்னல் போன்ற கைத்தொழில்களும் அடங்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பெருந்தொற்றுக்கு முன்பே, அதாவது 2019 இல், உலகில் ஏறத்தாழ 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து பணியாற்றினர். இது அன்றைய உலக வேலைவாய்ப்பில் 7.9 விழுக்காடு ஆகும்.

வரலாறு

நாகர்கோவில் பின்னல் தொழில்

வீட்டிலிருந்தபடி தொலைவிலுள்ள வாடிக்கையாளருக்காக வேலை செய்தல் நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. 1819 ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் எனப்படும் சரிகைப் பின்னலைக் கற்பித்தார். அன்று இப்பகுதி திருவிதாங்கூர் அரசில் இருந்தது. இங்கு பின்னப்பட்ட லேஸ் ஐரோப்பியரிடம் விற்பனையானது. மார்த்தாவின் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபின் அங்கும் இத்தொழிலைத் தொடங்கினார்.

பின்னியவர்களும் வாங்கியவர்களும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவர் மொழியும் வேறு. இடையில் இருந்த மிஷன் பெண்களே வாங்குவோரின் விருப்பத்தைப் பின்னுவோருக்குச் சொல்லினர். முடிந்த வேலையைச் சரிபார்த்தனர். இவ்வகைப் பின்னலில் வடிவம் ஒரு தாளில் ஊசித்துளைகளாகக் குறிக்கப்பட்டு, பின்னுவோரின் திண்டின் மீது பொருத்தப்படும். துளைகளைப் பின்பற்றினால் கேட்கப்பட்ட வடிவம் கிடைக்கும். எழுத்தறிவோ பொதுமொழியோ தேவைப்படாத இந்தத் துளைத்தாள், வேலை எப்படி அமைய வேண்டும் என்பதைக் கூறும் ஒரு விவரக்குறிப்பு ஆகும். ஆயினும் விலை பற்றியும் தாமதம் பற்றியும் வாங்குவோரிடம் நேரடியாகப் பேச இம்முறையில் பின்னுவோருக்கு வழி இருக்கவில்லை.

மென்பொருள் துறையில் முன்னோடிகள்

பிரித்தானியாவில் ஸ்டெஃபனி ஷர்லி என்பவர் 1962 ஆம் ஆண்டில் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தம் வீட்டில் தொடங்கினார். குழந்தை பெற்றபின் வேலையை விட்ட பெண் நிரலாளர்களை அவர் பணியமர்த்தினார். அவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே நிரல் எழுதினர். தொடக்கத்தில் இருந்த ஏறத்தாழ 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். நிரல்கள் தாளில் எழுதப்பட்டு அஞ்சலில் அனுப்பப்பட்டன. பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்கு நிறுவனங்கள் மறுமொழி அளிக்காததால், அவர் ஸ்டீவ் என்ற ஆண் பெயரில் கையொப்பமிடத் தொடங்கினார். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஒலி பதிவான நாடாவைப் பின்னணியில் ஓடவிட்டார். இந்நிறுவனத்தின் பணியாளர்கள் கான்கார்டு வானூர்தியின் கறுப்புப் பெட்டிக்கான நிரலிலும் பங்காற்றினர். ஷர்லி 2025 ஆம் ஆண்டில் மறைந்தார்.

1973 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நில்ஸ், பணியிடத்துக்குப் பயணம் செய்வதற்குப் பதிலாகத் தொலைத்தொடர்பைப் பயன்படுத்தும் முறைக்கு டெலிகம்யூட்டிங் என்று பெயரிட்டார். 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருவகம், ஒரே அலுவலகத்தில் பணிபுரியாத பலர் மின்னஞ்சல் வழியாகவே ஒரு பெரிய மென்பொருளை உருவாக்க முடியும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.

இந்தியாவில்

1985 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் செயற்கைக்கோள் இணைப்புடன் தன் மென்பொருள் மையத்தை அமைத்தது. வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணைய சேவையை அளிக்கத் தொடங்கியது. ஆயினும் வீட்டிலிருந்து பணிபுரிதல் நீண்டகாலம் அரிதாகவே இருந்தது. அழைப்பு மையங்களும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை அளிக்கும் நிறுவனங்களும் 'பிற சேவை வழங்குநர்' என்ற பிரிவில் தொலைத்தொடர்புத் துறையிடம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பணியாளரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன.

கொரோனாத் தொற்றை ஒட்டி 2020 மார்ச் மாதத்தில் இக்கட்டுப்பாடுகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, தகவல் தொழில்நுட்பத் துறையின் பெரும் பகுதி சில நாட்களில் வீடுகளுக்கு இடம்பெயர்ந்தது. 2020 நவம்பர் 5 அன்று வெளியிடப்பட்ட புதிய வழிகாட்டு நெறிகள் வீட்டுப்பணியை முறைப்படி ஏற்றன. சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவனங்களுக்கு 2022 ஜூலையில் தனி விதி சேர்க்கப்பட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்த இம்மாவட்டம், 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடத்தில் இருந்தது. பொறியியல் கல்லூரிகள் பல இங்கு உள்ளன. எனினும் பட்டம் பெற்றவர்கள் வேலைக்காகச் சென்னை, பெங்களூர், வளைகுடா நாடுகள் ஆகியவற்றுக்கும், 1990 இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கும் செல்வது வழக்கமாக இருந்துவந்துள்ளது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில் உள்ளது. 1979 இல் திறக்கப்பட்ட தொடர்வண்டிப் பாதையில் அன்றாடம் சென்று திரும்புவோரும் உண்டு.

2020 ஊரடங்கின்போது வெளியூர்களில் பணியாற்றியவர்கள் பலர் ஊர் திரும்பி, பெற்றோர் வீட்டிலிருந்து பணியைத் தொடர்ந்தனர். அதற்கு முன்னரே, 2011 முதல், அருகிலுள்ள தென்காசிப் பகுதியின் மத்தளம்பாறையில் ஸோகோ நிறுவனம் அலுவலகம் நடத்திவருகிறது. மென்பொருள் பணிக்குப் பெருநகரம் இன்றியமையாததன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. ஊராட்சிகளை ஒளியிழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தின் தமிழ்நாட்டுப் பணிகள் 2023 மார்ச்சில் இம்மாவட்டத்தின் முத்தலக்குறிச்சி ஊராட்சியில் தொடங்கிவைக்கப்பட்டன.

அலுவலகத் தொடர்பாடலுடன் ஒப்பீடு

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தாமஸ் ஆலன், 1977 இல் வெளியான தம் நூலில், பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையிலான தொலைவு கூடக்கூட அவர்கள் தொழில்நுட்பச் செய்திகளைப் பேசிக்கொள்வது விரைவாகக் குறைவதைக் காட்டினார். ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பால் வாராந்தரத் தொடர்பு மிக அரிதாகிறது. இது ஆலன் வளைவு எனப்படுகிறது. வீட்டிலிருந்து பணிபுரிவோர் அனைவரும் இந்த எல்லைக்கு அப்பால் இருப்பவர்களே.

அலுவலகத்தில் திட்டமிடாமலே நடைபெறும் பின்வரும் பரிமாற்றங்கள் வீட்டுப்பணியில் இல்லாமற்போகின்றன:

- அடுத்த மேசை உரையாடலைக் கேட்டு ஒரு மாற்றத்தை அறிந்துகொள்ளுதல்
- தேநீர் இடைவேளையில் ஐயம் கேட்டல்
- ஒருவரின் முகத்தைப் பார்த்து அவர் சிக்கலில் இருப்பதை உணர்தல்
- புதியவர் மூத்தவரைப் பார்த்துப் பழகுதல்

இவற்றுள் எவையெவை தேவையோ அவற்றை வேண்டுமென்றே ஏற்படுத்த வேண்டியுள்ளது. மேலும், அலுவலகத்தில் அமைதியாக இருப்பவர் வேலையில் ஆழ்ந்திருப்பதாக எண்ணப்படுகிறார். வீட்டிலிருந்து அமைதியாக இருப்பவரைப் பற்றி, வேலை செய்கிறாரா இல்லையா என்ற ஐயம் எழுகிறது. இந்த ஐயம் நேர்மையாக உழைப்பவரையும் பாதிக்கும்.

வகைகள்

நிகழ்நேரத் தொடர்பாடல்

இருவரும் ஒரே நேரத்தில் பங்கேற்பது. தொலைபேசி, வீடியோ கூட்டம் ஆகியவை இவ்வகையின. கருத்து வேறுபாட்டைத் தீர்த்தல், மனத்தாங்கலைப் பேசுதல், புதிய வாடிக்கையாளருடன் அறிமுகம் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. ஒலி செல்லும் காலத்தாழ்வு ஒரு திசையில் 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருத்தல் நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இதற்கு மேல் தாமதமாகும்போது ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவது போன்ற நிலை ஏற்படுகிறது. பேசுவோர் இதனை மரியாதைக் குறைவாகத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

நேரம் சாராத் தொடர்பாடல்

ஒருவர் எழுதிவைப்பதை மற்றவர் தமக்கு வசதியான நேரத்தில் படித்து மறுமொழி தருவது. மின்னஞ்சல், பணிப்பட்டியல் மென்பொருள், பகிரப்பட்ட ஆவணம் ஆகியவை இவ்வகையின. நேர வேறுபாடு உள்ள நாடுகளுக்கிடையிலும், மின்தடை உள்ள இடங்களிலும் இதுவே நம்பகமானது. எழுதப்பட்டது பதிவாக நிலைப்பதால், பின்னர் வரும் கருத்து முரண்பாடுகளைத் தீர்க்கவும் உதவுகிறது. 1995 அக்டோபரில் வெளியான இணைய நடத்தை நெறிகள் என்ற ஆவணம் மின்னஞ்சலுக்குப் பொருத்தமான தலைப்பு இடுதல், முழுவதும் பெரிய எழுத்தில் எழுதாதிருத்தல் போன்ற மரபுகளைத் தொகுத்தளித்தது. இவற்றுள் பல இன்றும் பொருந்தும்.

உடனடிச் செய்தி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அனுப்புபவர் அதனை நேரம் சாராததாக எண்ணக்கூடும். பெறுபவரோ உடனே மறுமொழி எதிர்பார்க்கப்படுவதாக எண்ணக்கூடும். எதற்கு எவ்வளவு நேரத்தில் மறுமொழி தரவேண்டும் என்பதைக் குழுவில் முன்கூட்டியே முடிவு செய்வது இச்சிக்கலைக் குறைக்கும்.

கருவிகள் நிலையானவை அல்ல. 2003 இல் வெளிவந்து ஒரு காலத்தில் இணையப் பேச்சுக்கே மறுபெயராக விளங்கிய ஸ்கைப், 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. எனவே முக்கியமான முடிவுகளை அரட்டை மென்பொருளில் மட்டும் விட்டுவைக்காமல் தனி ஆவணமாகச் சேமிப்பது நல்லது.

வாடிக்கையாளருடன் தொடர்பாடல்

வேலையைத் தொடங்குமுன்

எதைச் செய்வது, எதைச் செய்வதில்லை, எப்போது முடிப்பது, யார் ஒப்புதல் அளிப்பது, கட்டணம் எப்போது என்ற ஐந்தும் எழுத்தில் இருத்தல் வேண்டும். தொலைபேசியில் பேசி முடிவு செய்திருந்தாலும், பேசி முடித்தவுடன் "நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டது பின்வருமாறு" என ஒரு சுருக்கத்தை அனுப்புவது வழக்கம். தவறான புரிதல் இருந்தால் அது வேலை தொடங்கும் முன்பே வெளிப்படும்.

முன்னேற்ற அறிக்கை

குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், கேட்கப்படும் முன்பே அனுப்பப்படும் சிறு அறிக்கை வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெரிதும் வளர்க்கிறது. அதில் பொதுவாக நான்கு செய்திகள் இடம்பெறும்: முடிந்தவை, நடந்துகொண்டிருப்பவை, தடைகள், வாடிக்கையாளர் எடுக்க வேண்டிய முடிவுகள். ஐந்தாறு வரிகளே போதுமானவை. முன்னேற்றம் இல்லாத வாரத்திலும் அறிக்கை அனுப்பப்பட வேண்டும். ஒரு வாரம் அறிக்கை வராமற்போனால், வாடிக்கையாளர் அதற்கான காரணத்தைத் தாமே கற்பனை செய்துகொள்வார்.

தாமதத்தைத் தெரிவித்தல்

வீட்டுப்பணியில் மிகக் கடினமானது தாமதத்தையோ தவறையோ தெரிவிப்பதாகும். நேரில் காணாததால் தள்ளிப்போடுவது எளிது. ஆனால் தாமதத்தின் விளைவு தெரிவிக்கப்படும் நாளைப் பொறுத்தே அமைகிறது. பத்து நாட்களுக்கு முன்பு தெரிவித்தால் வாடிக்கையாளர் தம் திட்டத்தை மாற்றிக்கொள்ள இயலும். முடிவு நாளன்று தெரிவித்தால் அவருக்கு வேறு வழியே இருக்காது. இத்தகைய செய்தியில் என்ன நடந்தது, அதன் விளைவு என்ன, இனி என்ன செய்யப்படும், புதிய நாள் எது என்பன வரிசையாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டு:

"பணம் செலுத்தும் பகுதியில் ஒரு பிழையை இன்று கண்டறிந்தேன். இதனால் வெள்ளிக்கிழமை தருவதாகக் கூறிய பகுதி அடுத்த புதன்கிழமையே முடியும். ஏனைய பகுதிகள் திட்டமிட்டபடி வெள்ளிக்கிழமை வந்துவிடும். புதன்கிழமை வரை காத்திருக்க இயலாதெனில், பிழையுள்ள பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதை வெளியிடலாம். எது உகந்தது என்பதை நாளை மாலைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இச்செய்தி மன்னிப்பை நீட்டிக்காமல் வாடிக்கையாளரின் கையில் ஒரு முடிவை அளிக்கிறது.

சக பணியாளருடன் தொடர்பாடல்

ஐயம் கேட்டல்

"வணக்கம், ஒரு ஐயம்" என்று மட்டும் அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பது இருவர் நேரத்தையும் வீணாக்கும். என்ன செய்ய முயன்றார், என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, ஏற்கெனவே எவற்றை முயன்று பார்த்தார் என்பவற்றை ஒரே செய்தியில் எழுதினால் ஒரே மறுமொழியில் தீர்வு கிடைக்கக்கூடும். இவ்வாறு எழுதும்போதே கேட்பவருக்கு விடை தோன்றிவிடுவதும் உண்டு.

பணி ஒப்படைப்பு

வெவ்வேறு நேரத்தில் பணியாற்றும் குழுக்களில், ஒருவர் நாளை முடிக்கும்போது அடுத்தவருக்கு எழுதிவைக்கும் குறிப்பு மிக முக்கியமானது. மருத்துவமனையில் செவிலியர் பணி மாறும்போது நோயாளி பற்றிய விவரங்களை ஒப்படைப்பதோடு இதனை ஒப்பிடலாம்.

கூட்டங்கள்

வீடியோ கூட்டம் நேரடிக் கூட்டத்தைவிடச் சோர்வு தருவது. இச்சோர்வுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021 இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: முகங்கள் மிக அருகில் நேருக்கு நேர் தோன்றுதல், தன் முகத்தைத் தானே தொடர்ந்து பார்த்தல், இடத்தைவிட்டு நகர இயலாமை, உடல்மொழியை உணரவும் உணர்த்தவும் கூடுதல் முயற்சி தேவைப்படுதல். கூட்டத்தைச் சுருக்குதல், தேவையற்றபோது நிழற்படக் கருவியை அணைத்தல், தன் படத்தை மறைத்தல் ஆகியவை உதவும். கூட்டத்தின் முடிவுகளை ஒருவர் எழுதி அனைவருக்கும் அனுப்புவது, இணைப்பு அறுந்து கலந்துகொள்ள இயலாதவருக்கும் பயன்படும்.

நேர வேறுபாடு

இந்தியச் சீர்நேரம் ஒருங்கிணைந்த உலக நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இந்தியாவில் கோடைக்கால நேரமாற்றம் இல்லை. வாடிக்கையாளரின் ஊரில் காலை 9 மணியாகும்போது நாகர்கோவிலில் இருக்கும் நேரம்:

- சிங்கப்பூர்: காலை 6.30
- துபாய்: காலை 10.30
- லண்டன்: கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30
- நியூயார்க்: கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30
- சான் பிரான்சிஸ்கோ: கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30

அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. எனவே மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களும், அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான வழக்கமான வேறுபாடு மாறிவிடும். இரு நாட்டவரும் பங்கேற்கும் கூட்டங்கள் தவறிப்போவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். நேரத்தைக் குறிப்பிடும்போது ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுவது பாதுகாப்பானது.

மொழியும் பண்பாடும்

தமிழ் பேசுவோர் "சரி" என்ற சொல்லை ஒப்புதலுக்கும், கேட்டுக்கொண்டிருப்பதை உணர்த்துவதற்கும் பயன்படுத்துகின்றனர். இப்பழக்கம் ஆங்கிலத்திலும் தொடரும்போது, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒவ்வொரு "ஆம்" என்பதையும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடும். "புரிந்தது, இயலுமா என்று பார்த்து நாளை சொல்கிறேன்" என்று பிரித்துக் கூறுவது இதற்குத் தீர்வாகும். அதுபோலவே, பெரியவரிடம் "இயலாது" என்று சொல்லத் தயங்கும் மரியாதை, முடிக்க இயலாத நாளை ஏற்றுக்கொள்வதில் முடிகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தவர் பலர் மலையாளத்தையும் அறிந்தவர்கள் என்பதால் திருவனந்தபுரத்துப் பணியாளருடன் எளிதில் உரையாடுகின்றனர். ஆயினும் "வெள்ளம்" போன்று இரு மொழிகளிலும் வெவ்வேறு பொருள்படும் சொற்கள் எழுத்தில் குழப்பம் தரக்கூடும். மாவட்டப் பேச்சில் குடிநீரைக் குறிக்கும் இச்சொல், சென்னையில் இருப்பவருக்குப் பெருக்கெடுத்த ஆற்றையே நினைவூட்டும்.

எண்களிலும் நாட்களிலும் கவனம் தேவை. இலட்சம், கோடி ஆகியவை தெற்காசியாவுக்கு வெளியே பெரும்பாலோருக்குத் தெரியாதவை. 03/04 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3; அமெரிக்காவில் மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவதோ, ஆண்டு-மாதம்-நாள் என்ற பன்னாட்டுச் சீர்தர வரிசையைப் பின்பற்றுவதோ நல்லது.

மின்தடையும் இணையத் துண்டிப்பும்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, மாவட்டத்தின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் இன்றி இருந்தன. தொலைவில் ஏற்படும் பழுதும் பாதிக்கக்கூடும். 2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடி வடங்கள் அறுந்தபோது இந்தியாவின் இணைய இணைப்பு பெரிதும் குறைந்தது.

இத்தகைய நிலைக்குப் பின்வரும் ஏற்பாடுகள் பரிந்துரைக்கப்படுகின்றன:

- வேறு நிறுவனத்தின் செல்பேசி இணைப்பை மாற்று இணைய வழியாக வைத்திருத்தல்
- இன்வெர்ட்டர் மின்கலத்தில் கணினியுடன் இணையத் திசைவியையும் இணைத்தல்
- தொடர்பு அறுந்தால் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க, வேறு ஊரில் உள்ள ஒரு சக பணியாளரை முன்பே குறித்துவைத்தல்
- அன்றன்றைய வேலையை மாலையிலேயே பொதுச் சேமிப்பகத்தில் ஏற்றிவிடுதல்
- புயல் எச்சரிக்கை வந்தவுடன் முன்னறிவிப்பு அனுப்புதல்

வீடியோவை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் பயன்படுத்தினால் தேவைப்படும் அலைவரிசை பலமடங்கு குறையும்.

குடும்பமும் வேலை நேரமும்

வீட்டில் இருப்பவர் வேலையில் இருக்கிறார் என்பதைக் குடும்பத்தாரும் உறவினரும் ஏற்றுக்கொள்வதற்குக் காலம் ஆகும். கூட்டம் நடைபெறும் நேரத்தை வீட்டாருக்கு முன்பே சொல்லிவைப்பதும் தொடர்பாடலின் ஒரு பகுதியே. 2017 மார்ச்சில் தென்கொரியாவின் பூசானிலிருந்து பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசிக்கு நேரலைப் பேட்டி அளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இரு குழந்தைகள் அறைக்குள் நுழைந்தனர். அக்காட்சி உலகெங்கும் பார்க்கப்பட்டது. ஷர்லி ஒலிநாடாவால் மறைத்த குழந்தைச் சத்தம், 2020க்குப் பின் பெரும்பாலான பணியிடங்களில் இயல்பானதாக ஏற்கப்படுகிறது. ஆயினும் வீட்டு வேலையின் சுமை பெண்கள் மீதே மிகுதியாக விழுவதால், இரவுக் கூட்டங்கள் அவர்களைக் கூடுதலாகப் பாதிக்கின்றன.

வேலை நேரத்துக்குப் பின் செய்திகளுக்கு மறுமொழி அளிக்காதிருக்கும் உரிமை பிரான்சில் 2017 சனவரி முதல் சட்டமாக உள்ளது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே மக்களவையில் இதுபற்றித் தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்தினார், அது சட்டமாகவில்லை. சட்டம் இல்லாத இடத்தில், தாம் கிடைக்கும் நேரத்தை மின்னஞ்சலின் அடியிலும் நாட்காட்டியிலும் குறிப்பிட்டு, அதனைத் தாமும் கடைப்பிடிப்பது நடைமுறைத் தீர்வாக உள்ளது.

மறைகாப்பு

வாடிக்கையாளரின் தரவு வீட்டுக் கணினியில் இருக்கும்போது கூடுதல் கவனம் தேவை. குடும்பத்தினர் பயன்படுத்தும் கணினியில் பணிக்கணக்கைத் திறந்துவைத்தல், கடவுச்சொல்லை அரட்டைச் செய்தியில் அனுப்புதல், திரையைப் பகிரும்போது பிற செய்திகளை மூடாதிருத்தல் ஆகியவை பொதுவான தவறுகள். தனிநபர் தரவைக் கையாள்வோருக்கான கடமைகளை இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வரையறுக்கிறது.

ஆய்வுகளும் விமர்சனங்களும்

சீனாவின் சிடிரிப் பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்து பணியாற்றியவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அதே அளவு செயல்திறன் உள்ளவர்களுள் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. சோதனை முடிந்தபின் பலர் தனிமை காரணமாக அலுவலகம் திரும்ப விரும்பினர். அதே நிறுவனத்தில் 1,612 பணியாளரிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வு, வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிந்தவர்களிடையே வேலையைவிட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும், பதவி உயர்வில் பாதிப்பு இல்லாததையும் காட்டியது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்கப் பணியாளரின் தொடர்பாடலை ஆராய்ந்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அனைவரும் வீட்டிலிருந்து பணியாற்றியபோது குழுக்களுக்கு இடையிலான தொடர்பு குறைந்து, ஒவ்வொரு குழுவும் தனித்தனித் தீவாக மாறும் போக்கைக் கண்டறிந்தது. குழுவுக்குள் செய்தி நன்கு பரவினாலும், புதிய செய்தி வெளியிலிருந்து வருவது அரிதாகிறது.

வேலையைப் புதிதாகக் கற்பவர்கள் வீட்டுப்பணியால் மிகுதியாக இழக்கின்றனர் என்ற விமர்சனமும் உண்டு. சிறு ஊர்களில் தனித்துப் பணியாற்றும் இளம் பொறியாளருக்கு, கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே பெரும் துணையாகும். இதனால் சில குழுக்கள் புதியவருக்கு ஒரு மூத்தவரைத் துணையாக நியமித்து, இருவரும் நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் ஒரே திரையைப் பகிர்ந்து பணியாற்ற ஏற்பாடு செய்கின்றன. ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் நேரில் சந்திப்பதும் வழக்கமாக உள்ளது. நேரில் ஒருமுறை பழகியவரின் சுருக்கமான மின்னஞ்சல் கடுமையாகத் தோன்றுவதில்லை.